காவற் கொட்டிலில் துவக்கு மட்டும் போதுமா?

மீளக் குடியேறிய கிராமங்களில் கூட்டம் வைத்தால், வீதி, குளக்கட்டு, மானிய உரம் என்று பேசி முடித்த பின்னர் கடைசியாக ஒரு கோரிக்கை வரும். அதைக் கேட்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் இருக்கும் ஒரு வயதானவராகவே இருப்பார். "பாதர், மற்றதெல்லாம் ஆறுதலாய் வரட்டும். துவக்கு ஒண்டுக்கு வழி பண்ணித் தாங்கோ. இல்லாட்டி இந்தப் போகமும் யானைக்குத்தான்." கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். வந்திருக்கும் அதிகாரி தமது குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொள்வார்.

இந்தக் கோரிக்கையை நாம் இலேசாக எடுக்கவில்லை. கடனுக்கு விதைநெல் வாங்கி, இரவல் உழவு இயந்திரத்தில் உழுது, மூன்று மாதம் கண்விழித்துக் காத்த வயலை ஒரே இரவில் நான்கு யானைகள் மிதித்துவிட்டுப் போனால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த போகம் வரை சோற்றுக்கு வழியில்லை. இடம்பெயர்ந்து பிறர் காணியில் குத்தகைக்குச் செய்பவர்களின் நிலை இதைவிட மோசமானது. குத்தகைக்குக் கிடைப்பது எப்போதும் காட்டோரத்துக் காணிதான். ஊருக்கு நடுவில் உள்ள நல்ல வயலை யார் குத்தகைக்கு விடுவார்கள்?

யானைகள் இப்படிக் கூட்டமாய் ஊருக்குள் வருவதற்கு மக்கள் குற்றவாளிகள் அல்லர். 1990 தொடக்கம் 2009 வரை வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் ஊர்கள் மாறி மாறி வெறுமையாகின. வயல் பற்றையானது, பற்றை காடானது. குளங்களில் தண்ணீர் இருந்தது, ஆனால் ஆள் இல்லை. யானைக்கு அதைவிட நல்ல இடம் எது? 2012 இல் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டு மக்கள் திரும்பி வந்தபோது தமது காணியில் யானைப் பாதை ஒன்று விழுந்திருப்பதைப் பலர் கண்டார்கள். சில இடங்களில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் நடப்பட்டிருந்தது. 2011 இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியேயும் நடமாடுகின்றன. ஆகவே "யானையைக் காட்டுக்குள் அனுப்புங்கள்" என்று நாம் சொல்வது எளிது. எது காடு, எது ஊர் என்பது யானைக்கும் தெரியாது, சில வேளைகளில் கச்சேரிக்கும் தெரியாது.

2023ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலும் 450க்கும் அதிகமான யானைகளும் 160க்கும் அதிகமான மனிதர்களும் இந்த மோதலில் மாண்டனர். இறந்த மனிதர்களில் அனேகர் எம்மைப் போன்ற ஊர்களில் உள்ளவர்கள். விடியப்புறம் வயலுக்குப் போனவர்கள், இரவு சைக்கிளில் வீடு திரும்பியவர்கள், பரணில் காவல் இருந்தவர்கள்.

ஆகவே துவக்குக் கேட்பவரைப் பார்த்து "கொலைக் கருவி கேட்கிறாயே" என்று பிரசங்கம் பண்ண நாம் வரவில்லை. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற சொட்கன் ஒன்று விவசாயியிடம் இருப்பதில் சட்டத் தவறில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் கேட்பது வேறொன்று. அந்தத் துவக்கோடு கூட வேறு என்ன கையில் இருக்கிறது? அநேகமாக ஒரு பழைய ரோச் லைற், அதுவும் பற்றரி இறங்கியது. வேறு எதுவும் இருப்பதில்லை. இதில்தான் எமக்கு ஆட்சேபம்.

ஒரே விடை மட்டும் தெரிந்த பிள்ளை

கையில் துவக்கு மட்டும் உள்ளவருக்கு இரவில் கேட்கும் எந்தச் சத்தத்துக்கும் ஒரே விடைதான் உண்டு. பன்றி வந்தாலும் அதே விடை, யானை வந்தாலும் அதே விடை. பக்கத்து வயல்காரர் தண்ணீர் திருப்ப வந்தாலும் அதுவேதான். பன்றி என்று எண்ணி மனிதரைச் சுட்ட செய்திகளை நாம் பத்திரிகையில் எத்தனை முறை வாசித்துவிட்டோம்! அப்படிச் சுட்டவர் கெட்டவர் அல்லர். அவர் கையில் துவக்குக்கு முன்னால் பாவிப்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. நல்ல வெளிச்சம் ஒன்று இருந்திருந்தால், "ஆரது?" என்று இரண்டு தரம் உரத்துக் கேட்டிருந்தால், ஒரு குடும்பம் தகப்பனை இழந்திராது, மற்றக் குடும்பம் தகப்பனைச் சிறைக்கு அனுப்பியிராது.

யானை விடயத்தில் துவக்கு இன்னும் மோசமான விடை. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் சிறுசன்னங்கள் நாற்பது யாருக்கு அப்பால் பலமிழந்துவிடும். யானையின் தோல் ஓர் அங்குலத் தடிப்பு. சன்னம் தோலில் புகுந்து தசையில் தங்கும், யானை சாகாது. புண் சீழ் பிடித்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வதைக்கும். 2025 நடுப்பகுதியில் குருநாகல் மாவட்டத்தில் 'பாத்திய' என்று மக்கள் பெயரிட்டழைத்த யானையின் கதை பலருக்கும் நினைவிருக்கும். தாடையில் வெடிபட்ட அந்த யானை தின்ன முடியாமல் நாட்கணக்காய் நலிந்து, வைத்தியர்கள் முயன்றும் இறந்துபோனது. அதைச் சுட்டவருக்கு அதனால் ஒரு மரைக்கால் நெல்லாவது மிஞ்சியிருக்குமோ தெரியாது.

காயப்பட்ட யானை காட்டுக்குள் போய்ப் படுத்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நோவோடு அதே ஊரைத்தான் சுற்றும். மனித வாடை பட்டாலே பாயும். நேற்று வேலுப்பிள்ளையர் சுட்ட சன்னத்துக்கு இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பதில் சொல்ல வேண்டி வரும். (வேலுப்பிள்ளையர் என்று எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். யாரும் கோபிக்க வேண்டாம்.)

இதைவிடக் கொடியது, துவக்கையும் மனிதனையும் பிரித்து வைப்பது. கட்டுத்துவக்கைத்தான் சொல்கிறோம். பன்றி வரும் பாதையில் முழங்கால் உயரத்தில் குழாயைக் கட்டி, குறுக்கே நூல் இழுத்துவிட்டு, ஆள் வீட்டில் போய்ப் படுத்துவிடுகிறார். நூலை இழுப்பது பன்றியா, மாடா, விறகுக்குப் போன பெண்ணா என்று அந்தக் குழாய் பார்ப்பதில்லை. அனுராதபுரம், பொலனறுவை வைத்தியசாலைகளுக்கு இப்படிக் காலில் வெடிபட்டு வந்தவர்களின் தொகை சிறிதன்று. போரில் தப்பிய காலைப் பன்றிக்கு வைத்த வெடியில் இழப்பதா? 'ஹக்கபட்டாஸ்' என்று சொல்லப்படும், பூசணிக்காய்க்குள்ளும் வெள்ளரிக்காய்க்குள்ளும் வெடிமருந்து வைக்கும் வழக்கமும் அப்படிப்பட்டதே. பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று கடிக்கிறது. வாய் சிதறி, பசியால் சாகிறது. அண்மைய ஆண்டுகளில் யானைச் சாவுக்குரிய பெரும் காரணங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. இவை இரண்டையும் கருவி என்று சொல்லவே எமக்கு மனம் வரவில்லை. சட்டமும் இவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை.

துவக்குக்கு முன்னால் வரவேண்டியவை

முதலாவது வெளிச்சம். தூரத்துக்கு அடிக்கும் நல்ல ரோச் ஒன்று, பற்றரி நிறைந்ததாக. இது செலவான காரியம்தான். ஆனாலும் உரிமக் கட்டணத்துக்கும் தோட்டாவுக்கும் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிச்சம் இரண்டு வேலை செய்கிறது: வந்திருப்பது என்ன என்று உங்களுக்குச் சொல்கிறது, நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்று வந்தவருக்குச் சொல்கிறது. வந்தவர் மனிதராயிருந்தால் இரண்டாவதே போதும். மாடு திருட வந்தவன் வெளிச்சத்தைக் கண்டும் நின்று பார்ப்பானா?

அடுத்தது சத்தம். தகரம் தட்டுவது, கூக்குரலிடுவது எல்லாம் எமது பாட்டன்மார் செய்தவை. ஒரு பரணில் தொடங்கிய கூக்குரல் அடுத்த பரணுக்குப் போய், வயல்வெளி முழுவதும் விழித்துக்கொள்ளும். இப்போது பரண்கள் குறைந்துவிட்டன. இருக்கும் பரணிலும் ஒருவர் தனியே கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். தொலைபேசி நல்ல சாமான்தான். யானை எந்தப் பக்கம் இறங்கியது என்று அடுத்த வெளிக்கு அறிவிக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் காதுக்குள் அதைச் செருகிக்கொண்டு காவல் காக்க முடியாது.

பின்னர் யானை வெடி. வனஜீவராசிகள் திணைக்களம் இதை விவசாயிகளுக்கு வழங்குகிறது. கேட்ட அளவு கிடைப்பதில்லை என்பது எல்லோரும் அறிந்த குறைபாடு. கிடைத்ததைச் சிலர் பதுக்கி, மழையில் நனையவிட்டு, ஆபத்து நேரத்தில் பற்றாத வெடியோடு நிற்கிறார்கள். பற்றவைத்த வெடியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியதால் விரல்களை இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அதை மூடி இறுகிய ரின் ஒன்றில், அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். எறிய முன்னர் எங்கே எறிவது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். யானையின் மேல் எறிவது முறையல்ல. யானைக்கும் உங்களுக்கும் இடையில், யானை திரும்பிப் போக வழி திறந்திருக்கும்படி எறிய வேண்டும். சுற்றிவர நின்று எல்லோரும் எறிந்தால் அது எங்கே போகும்? யார் நிற்கும் பக்கம் மெலிவாய் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பாயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எமது வயலிலிருந்து கலைத்த யானை அடுத்தவர் வயலில் போய் நிற்கிறது. அவர் அங்கிருந்து எமது பக்கம் கலைக்கிறார். ஓர் இரவு முழுவதும் இப்படிப் பந்து விளையாடி, விடியும்போது இரண்டு வயலும் மிதிபட்டுக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். கலைக்கிறவர்கள் காட்டுப் பக்கமாக ஒரே திசையில் கலைக்க வேண்டும். அதற்கு முதல்நாளே பேசி வைக்க வேண்டும்.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை. நாய் காவலுக்கு நல்லது, யானை வரும் செய்தியை முதலில் சொல்லும். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் யானையின் காலடியில் போய்க் குரைத்துவிட்டு எசமானைத் தேடித்தான் ஓடிவரும். யானையும் கூடவே வரும்.

இரண்டு கை, மூன்று சாமான்

இவ்வளவும் வாங்கி வைத்தால் போதுமா என்றால் போதாது. துவக்கைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். ரோச் பிடிக்க ஒரு கை. வெடி பற்றவைக்க இரண்டு கை. தனியே இருப்பவர் எதைப் பிடிப்பார்? பயம் வந்த நேரத்தில் எது கையில் இருக்கிறதோ அதைத்தான் மனிதன் பாவிப்பான். துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு, வெடியைக் கொட்டிலின் கூரையில் செருகியிருப்பவர், யானை முன்னால் நிற்கும்போது கூரையைத் தடவிக்கொண்டிருக்க மாட்டார்.

இது எமது ஊர்க் காட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் அலாஸ்காவில் பெரிய கரடிகள் உண்டு. அங்கே காட்டுக்குப் போகிறவர்கள் துவக்கோடு, மிளகாய்க் காரம் நிறைத்த தெளிகுப்பி ஒன்றையும் இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். ஆய்வாளர்கள் பல ஆண்டுச் சம்பவங்களைத் திரட்டிப் பார்த்து 2008 இல் வெளியிட்டார்கள். கிட்ட வந்த கரடிக்குத் தெளித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். அதே ஆய்வாளர்கள் 2012 இல் துவக்கைப் பற்றி எழுதியபோது, கரடி பாய்ந்த நேரத்தில் துவக்கைப் பாவித்தவர்களும் பாவிக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காயப்பட்டிருந்தார்கள் என்று கண்டார்கள். பாய்ந்து வரும் மிருகத்தைக் குறிபார்த்துச் சுட எத்தனை பேரால் முடியும்? எமது காடுகளிலும் கரடி உண்டு. பாலைப்பழ காலத்தில் காட்டுக்குப் போகிறவர்களும் தேன் எடுக்கப் போகிறவர்களும் அதை நன்கு அறிவார்கள். அந்தத் தெளிகுப்பியை இங்கே வாங்கச் சொல்லவில்லை. யானைக்கு அது பொருந்துமா என்பதும் வேறு கதை. கொல்லாத சாமான் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் அவர்கள் தப்பினார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

அதே அமெரிக்காவில் மறுபக்கமும் உண்டு. அங்கே பொலிஸார் கைத்துப்பாக்கியோடு, மின்னதிர்ச்சி கொடுத்து ஆளைக் கொல்லாமல் விழுத்தும் 'ரேசர்' என்ற கருவியையும் இடுப்பில் கொண்டு போகிறார்கள். 2021 ஏப்ரலில் மினசோற்றா மாநிலத்தில், இருபத்தாறு ஆண்டு சேவை செய்த பெண் பொலிஸ் அதிகாரி ஒருவர் 'ரேசர், ரேசர்' என்று கத்திக்கொண்டே கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். இருபது வயது இளைஞன் இறந்துபோனான். அவ்வாண்டு முடியுமுன்னரே நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டது. பயிற்சி பெற்ற கைக்கே பதற்றத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதென்றால், நித்திரை குழம்பி எழும்பிய விவசாயியின் கைக்கு என்ன ஆகும்?

ஆகவேதான் சொல்கிறோம்: ஒரு பரணில் இருவர் இருங்கள். ஒருவர் வெளிச்சமும் வெடியும், மற்றவர் துவக்கு. வெளிச்சம் பிடிப்பவர் "யானை" என்றோ "ஆள்" என்றோ சொல்லும்வரை துவக்குக்காரர் தோட்டா போடக்கூடாது. துவக்கு ஒரு மூலையில், தோட்டா மடியில். வெடி ரின் மற்ற மூலையில். இருட்டில் தடவினாலும் எது எது என்று கை அறிய வேண்டும். துவக்கை முதல் வெடி வைக்கும்போது மேலே, ஆளில்லாத பக்கம் பார்த்து வையுங்கள். அந்தச் சத்தமே பெரும்பாலும் போதுமானது. துவக்கும் அப்போது ஒரு யானை வெடியாகிவிடுகிறது.

கசிப்புப் போட்டுவிட்டுக் காவலுக்குப் போகிறவரைப் பற்றியும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. குடித்தவருக்குத் துவக்கும் ஆகாது, வெடியும் ஆகாது. வெறியில் யானைக்கு முன்னால் போய் நின்று சவால் விட்டு இறந்தவர்கள் உண்டு. அவர்களின் மனைவிமார்தான் பின்னர் நட்ட ஈட்டுக்கு அலைகிறார்கள். காவலுக்குப் போகும் இரவில் குடிப்பதில்லை என்ற ஒரு கட்டுப்பாட்டைக் கமக்காரர் அமைப்பு கொண்டுவந்தால் என்ன? பெண்கள் அதற்குக் கை தூக்குவார்கள்.

தைரியம் கூடினால் ஆபத்தும் கூடும்

எமது கருத்துக்கு மறுப்பு உண்டு என்பதை அறிவோம். வெடியும் வெளிச்சமும் கிடைத்தால் மக்கள் யானைக்குக் கிட்டப் போவார்கள், அதுவே ஆபத்து என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. கொல்லாத சாமான் என்றால் துணிந்து பாவிக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இளைஞர்கள் நான்கு பேர் மோட்டார் சைக்கிளில் யானையைத் துரத்திக்கொண்டு போய், அதைத் தொலைபேசியில் படம் பிடிப்பதையும் பார்க்கிறோம். யானை மனிதனைவிட விரைவாக ஓடும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கிறது? வெடி என்பது நாம் இருக்கும் இடத்துக்கு யானை வராமல் தடுப்பதற்கு. யானை இருக்கும் இடத்துக்கு நாம் போவதற்கு அல்ல.

மற்ற மறுப்பு இன்னும் பலமானது. யானை வெடிக்குப் பழகிவிடுகிறது. முதல் மாதம் ஓடியது, அடுத்த மாதம் நின்று பார்க்கிறது, மூன்றாம் மாதம் திரும்பிப் பாய்கிறது. ஆண்டுக்கணக்காய் வெடி எறிந்த ஊர்களில் யானைகள் கூடுதல் மூர்க்கமாயிருப்பதை யானைகளை ஆராய்ந்தவர்களும் சொல்கிறார்கள். நாம் இதை மறுக்கவில்லை. வெடியால் பயிரைக் காப்பாற்றலாம் என்று நாம் சொல்லவில்லை. துவக்காலும் முடியாது. இவை உயிரோடு வீடு திரும்புவதற்கான சாமான்கள். பயிரைக் காப்பது வேலியின் வேலை.

வேலி என்றதும் அரசாங்கம் காட்டோரத்தில் போட்ட மின்சார வேலிகளை எண்ணிச் சிரிப்பீர்கள். பல ஆயிரம் கிலோமீற்றர் போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் வேலிக்கு இரு பக்கமும் யானை நிற்கிறது. வேலியைப் பராமரிக்க ஆளில்லை, கம்பியில் கொடி படர்ந்து கிடக்கிறது. 2020 இல் கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசிய செயற்றிட்டம் வேறொரு வழியைச் சொன்னது. வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போட வேண்டும். வயல் வேலியை விதைப்போடு போட்டு, அறுவடையோடு கழற்றி வைக்க வேண்டும். பராமரிப்பு விவசாயிகள் கையில். அறுத்த பின்னர் யானை வந்து ஒட்டைத் தின்றுவிட்டுப் போகட்டும், அதில் எமக்கு நட்டமில்லை. தன் வயலைச் சுற்றியுள்ள கம்பியில் கொடி படர எந்த விவசாயியும் விடமாட்டார் என்பதே இதன் சூட்சுமம்.

அந்த வேலியும் கொல்லாத கருவிகளில் ஒன்றுதான். அதற்குரிய இயந்திரம் பல ஆயிரம் வோல்ற்றை, கண் சிமிட்டும் நேரத்திலும் குறைந்த ஒரு துடிப்பாக, ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு முறை அனுப்புகிறது. தொட்டால் உதறும், விட்டுவிடும். வீட்டு மின்சாரம் அப்படியல்ல. 230 வோல்ற்றும் இடைவிடாமல் ஓடுவதால் தொட்ட கை கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேலிக்குப் பணமில்லை என்று வீட்டு இணைப்பிலிருந்து நேரே கம்பி இழுப்பவர்கள் யானையையும் கொல்கிறார்கள், சில இரவுகளில் தம் சொந்தப் பிள்ளையையும் கொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கென்யாவில் வயலைச் சுற்றித் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டு யானையைத் தடுக்கிறார்கள். வஸ்கமுவப் பகுதியில் இதை இங்கும் முயன்று பார்த்தார்கள். எமது தேனீ சாதுவானது, பெட்டியை விட்டுப் போய்விடும் குணமும் உள்ளது. ஆகவே அதை முழுக்க நம்ப வேண்டாம். தேன் விற்கலாம் என்ற இலாபம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

1883 இல் வந்த எமது தண்டனைச் சட்டக்கோவை தன்னையும் பிறரையும் தன் சொத்தையும் காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. ஆனால் காப்பதற்குத் தேவையான அளவை விடக் கூடுதலான கேடு விளைவிக்க அது உரிமை தரவில்லை. வயலுக்குள் இறங்கிய மனிதனைச் சுட்டுவிட்டு "கள்ளன் என்று நினைத்தேன்" என்று சொன்னால் நீதவான் கேட்கும் முதற் கேள்வி எதுவாயிருக்கும்? சுட முன்னர் வேறு என்ன செய்தாய் என்பதுதான். வெளிச்சம் அடித்தேன், கூப்பிட்டேன், அயலவரை எழுப்பினேன் என்று சொல்லக்கூடியவருக்கும், ஒன்றும் செய்யவில்லை என்பவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. யானையைப் பொறுத்தவரை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. கொன்றால் சிறை வரை போகலாம். ஒரு போக நெல்லைக் காக்கப் போய் மூன்று போகம் விளக்கமறியலுக்கும் சட்டத்தரணிக்கும் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது.

போரின்போது எமது மக்கள் உரிமம் வைத்திருந்த துவக்குகளையும் பறிகொடுத்தார்கள், அவற்றின் பேரில் விசாரணைக்கும் இழுபட்டார்கள். வீட்டில் துவக்கு இருந்தால் இரவில் யார் கதவைத் தட்டுவார்களோ என்று பயந்த தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். துவக்குக் கேட்கும் தகப்பன்மார் அதை வீட்டில் பேசிவிட்டுக் கேட்கிறார்களா என்று எமக்குச் சந்தேகம். கூட்டத்தில் கேட்பது ஆண்கள். துவக்கு இருக்கும் வீட்டில் பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கப் போவது பெண்கள்.

காலபோகத்துக்கு முன்னர் பிரதேச செயலகத்தில் போகக் கூட்டம் நடக்கும். விதைப்புத் திகதியும் தண்ணீர் விடும் திகதியும் அங்கேதான் தீர்மானமாகிறது. வனஜீவராசிகள் அதிகாரியும் கமநல சேவை நிலையத்தாரும் வருவார்கள். துவக்கு உரிமம் கேட்பவர்கள் கேட்கட்டும். அதே கடிதத்தில், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை யானை வெடி, விதைப்பிலிருந்து அறுவடை வரை எந்த எந்தத் திகதியில் வேண்டும் என்று எழுதுங்கள். வெளிக்கு இரண்டு பெரிய ரோச் கேளுங்கள். வெடி பாவிக்கும் முறையை ஓர் அதிகாரி வந்து வயலிலேயே காட்டித் தரவேண்டும் என்று கேளுங்கள், வாயால் சொல்லிவிட்டுப் போவது போதாது. வயல் வேலிக்கு எத்தனை மீற்றர் கம்பி, எத்தனை தூண் தேவை என்று நீங்களே அளந்து கொண்டு போங்கள். அளவோடு போகிறவருக்கு "பிறகு பார்ப்போம்" என்று சொல்வது அதிகாரிக்குக் கடினம். கடிதத்தில் கமக்காரர் அமைப்பின் தலைவரும் செயலாளரும் மட்டுமன்றி, குத்தகைக்குச் செய்பவர்களும் ஒப்பமிட வேண்டும். காணி அவர்கள் பெயரில் இல்லை என்ற காரணத்துக்காக யானை வெடிப் பட்டியலில் அவர்களின் பெயரும் விடுபட்டுப் போகிறது. இதைச் சென்ற போகத்திலும் பல இடங்களில் கண்டோம். கடிதத்தின் பிரதி ஒன்றைத் திகதி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.